வாலைப் பார்க்காமல் எழுதியது

ஜனவரி 7, கோடியக்கரை, இரவு

இன்று பாறு பார்த்தேன். வெள்ளை உடம்பு, இறக்கையின் ஓரமெல்லாம் கறுப்பு, ஆப்பு மாதிரி வால். உப்பளத்துக்கு மேலே இரண்டு வட்டம் அடித்துவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டது. மொத்தமே முக்கால் நிமிடம்தான். குறிப்பேட்டில் ‘மஞ்சள்முகப் பாறு, 1’ என்று எழுதிக் கீழே கோடும் போட்டாயிற்று.

தூக்கம் வரவில்லை. ஆறு வயதில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் படியேறியது நினைவுக்கு வருகிறது. உச்சி வேளையில் பாறையில் சர்க்கரைப் பொங்கலோடு பண்டாரம் உட்கார்ந்திருப்பார். இரண்டு வெள்ளைப் பாறுகள் வந்து இறங்கும். 1990களில் அவை வருவது நின்றுபோனது. அதன் பிறகு எந்த ஊரில் வெள்ளையும் கறுப்புமாக எது பறந்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஜனவரி 8

காலை டீக்கடையில் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் கேமராவைப் பெருமையாக நீட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை.

“பறக்கும்போது தோணியைக் கவுத்த மாதிரி இருந்துச்சா, நிமித்தி வச்ச மாதிரி இருந்துச்சா சார்?”

நிமிர்த்தி வைத்த மாதிரிதான் இருந்தது. இரண்டு இறக்கையும் மேலே தூக்கியபடி, அசைக்காமல்.

“அப்ப கடல்கழுகு சார். வாலப் பாருங்க, அடியில கறுப்பு, நுனி மட்டும்தான் வெள்ளை. பாறுக்கு வாலு முழுக்க வெள்ளை.”

மறுபடி பார்த்தேன். கறுப்பு அப்பட்டமாக இருந்தது. நேற்றும் அதே படத்தில்தான் இருந்திருக்கிறது. முகத்தில் மஞ்சள் தோலும் இல்லை. தலை பஞ்சு போல வெள்ளை, அலகு சாம்பல். வெண்வயிற்றுக் கடற்கழுகு. வளர்ந்த பறவை இறக்கை விரித்தால் 2 மீட்டர் வரும், பெட்டை இன்னும் கொஞ்சம் பெரிது. பாறு அந்த அளவு வராது. ஆனால் வானத்தில் தனியாகப் பறப்பதன் அளவை எதை வைத்து அளப்பது?

தமிழும் எனக்குக் கொஞ்சம் சதி செய்திருக்கிறது. பிணம் தின்பதும் கழுகு, மீன் பிடிப்பதும் கழுகு. பாறு என்ற நல்ல பழைய சொல்லை நாம் புழக்கத்தில் வைத்திருந்திருக்கலாம்.

ஜனவரி 9

சீசனுக்காக வெளியூர் மீனவர்கள் கொட்டகை போட்டிருக்கும் கரையில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். இந்தப் பறவையின் முகவரி இதுதான்: கடலோரம், கழிமுகம், காயல். இந்தியாவின் இரு கரைகள், இலங்கை, அந்தமான் தொடங்கி ஆஸ்திரேலியா வரை. இலங்கையில் உள்நாட்டுப் பெரிய குளங்களுக்கும் போகும். சிங்கப்பூர்க்காரர்கள் ஒரு காலத்தில் 1,000 வெள்ளி நோட்டில் செம்பருந்தையும் 10,000 வெள்ளி நோட்டில் இதையும் அச்சிட்டார்கள். கும்பாபிஷேகத்தில் நாம் கருடன் என்று கும்பிடுவது அந்தச் செம்பருந்தைத்தான். அங்கே அதற்கு மதிப்பு பத்தில் ஒரு பங்கு!

பத்து மணி வாக்கில் வந்தது. விராலடிப்பான் போலத் தண்ணீருக்குள் தொப்பென்று விழவில்லை. தாழ வந்து, காலை மட்டும் முன்னே நீட்டி, நீர்ப்பரப்பை ஒரு கீறு கீறியது. எழுந்தபோது காலில் கயிறு போல ஏதோ நெளிந்தது. பைனாகுலரில் பார்த்தேன்: கடல்பாம்பு. தட்டை வால் வெயிலில் பளபளத்தது. ஒரு கால் தலைக்குப் பின்னாலும் மற்றது நடு உடம்பிலும் இறுகியிருக்க, பாம்பின் மிச்சம் காற்றில் வளைந்து வளைந்து அடித்தது.

“வலக்கடியனா இருக்கும் தம்பி,” என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர். “நாங்க வலையிலேருந்து அத எடுக்கவே பயப்படுவோம். அது பாரு, புடலங்கா மாதிரி கொண்டுபோவுது.”

சற்று நேரத்தில் முழுக்கப் பழுப்பாக இன்னொன்று. பருந்து என்று எழுதப் போன கையை நிறுத்தினேன். இறக்கை நிமிர்த்திய தோணி. வாலில் பருந்தின் பிளவு இல்லை. இதே இனத்தின் இளசு. வெள்ளை உடுப்புக்கு மாற நான்கைந்து வருடம் ஆகும்.

ஜனவரி 10

கூட்டைக் காட்டுவதாகக் காவலர் சொன்னார், ஒரு நிபந்தனையோடு: தூரத்திலிருந்துதான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம் எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. தப்பிய ஒரு பழைய சவுக்கின் உச்சியில், கட்டில் அகலத்துக்குச் சுள்ளி அடுக்கு. வருடா வருடம் அதே கூட்டுக்கு மேலேயே அடுக்கிக்கொண்டு போகுமாம். வழக்கமாக இரண்டு முட்டை; பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். ஆள் நடமாட்டம் அதிகமானால் கூட்டைக் கைவிட்டுவிடும். படம் எடுக்கிறேன் என்று மரத்தடிக்குப் போகிறவர்களைத்தான் காவலர் புயலைவிட அதிகமாகத் திட்டினார்.

ஆணும் பெட்டையும் மாறி மாறிக் கத்தின. இவ்வளவு பெரிய பறவைக்கு வாத்துக் குரல். சுள்ளிகளுக்கு நடுவே ஒரு பழுப்புத் தலை எழுந்து அடங்கியது.

மரம் எங்கே என்று இங்கே எழுதவில்லை. 7ஆம் தேதிப் பக்கத்தைத் திருத்தியாயிற்று. நான்கு நாள் கணக்கு: கடற்கழுகு 3, கூட்டில் குஞ்சு 1, பாறு இல்லை.