வராத பதிவுகள்

ஆறு மாதங்களாகச் சொல்லத் தயங்கியதை இன்று எழுதிவிடுகிறேன். சென்ற பருவத்தின் ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில் நான் காட்டிய வரைபடம் தவறானது.

மொழியியலில் முதுகலை முடித்த நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது லாக் எனப்படும் கணினிப் பதிவுகளின் மொழியை. அவ்வரிகளில் வழக்கத்துக்கு மாறானவற்றை இனங்காணும் நிரல் ஒன்றை அமைத்திருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் பல மெய்நிகர் கணினிகள். மூன்றின் பதிவுகளும் சிஸ்லாக் வழியே ஒரு சேமிப்புக் கணினிக்கு வந்துசேரும். வரைபடத்தின் கடைசிப் பதினொரு நாள்களில் எச்சரிக்கைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. நிரலின் மேம்பாடு என்றேன், கைதட்டினார்கள்.

உண்மையில் அப்பதினொரு நாள்களும் ஒரு சர்வர் ஒரு வரிகூட அனுப்பவில்லை. பதிவுகள் செல்லவேண்டிய முகவரியை யாரோ 127.0.0.1 என்று மாற்றியிருந்தார்கள். அது அந்தச் சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி. நாங்கள் பயன்படுத்திய யூடிபி முறையில் பெறுபவர் ஒப்புகை தருவதில்லை. ஆகவே எங்கும் எச்சரிக்கை எழவில்லை. தோழி ஒருத்தியின் களப்பணி ஒலிப்பதிவுகள் இருந்த மெய்நிகர் கணினி அழிந்துபோனதைக் கண்ட பின்னரே தேடத் தொடங்கினோம்.

இன்மைக்குப் பொருள் உண்டு என்பது என் துறையின் பாலபாடம். ‘செய்தேன்’ என்பதில் தகர மெய் இறந்தகாலம் காட்டுகிறது. ‘செய்வேன்’ என்பதில் வகர மெய் எதிர்காலம். ‘செய்யேன்’ என்பதில் காலம் காட்டும் உறுப்பே இல்லை, அதுவே மறுப்பு. (எதிர்மறை ஆகாரம் கெட்டது என்று மரபிலக்கணம் கூறும். எப்படிக் கூறினாலும் அங்கே கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை.) பாணினி லோபம் என்று வரையறுத்ததும் தோன்றாமையைத்தான். ஓர் உறுப்பை எதிர்பார்ப்பவருக்கே அதன் இன்மை புலப்படும். என் நிரலுக்கு வந்த வரிகளை ஆராயத் தெரிந்தது; வரவேண்டியவை எவை என்று தெரியவில்லை. தெரிவிக்கவேண்டியவள் நான்.

அந்தச் சர்வரின் கடைசி வரிகளைத் தேடினேன். ஷெல்லில் இடப்படும் ஆணைகளும் பதிவாகிச் சேமிப்புக் கணினிக்கு வரும். முகவரியை மாற்றிய ஆணையே, மாற்றம் நடைமுறைக்கு வருமுன், பழைய முகவரிக்கு வந்துசேர்ந்திருந்தது. போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது. நான் எழுதிய வடிகட்டி அதை ‘நிர்வாகப் பணி’ என்று ஒதுக்கியிருந்தது.

அவ்வரியில் எழுவாய் உண்டு: ரூட். ஆள் இல்லை. அந்தக் கடவுச்சொல் ஐந்து பேரிடம் இருந்தது, நானும் ஒருத்தி. பழி ஒப்பந்தப் பணியில் இருந்த தொழில்நுட்ப உதவியாளர்மீது விழுந்தது. வரியில் இருந்த நேரம் 20:47. அன்றிரவு ஒன்பது மணிவரை ஆய்வகத்தில் தனியாக இருந்தவர் அவர்.

ஈஎஸ்எக்ஸ்ஐ தன் பதிவுகளில் உலகப் பொதுநேரத்தையே எழுதும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டவேண்டும்: மறுநாள் அதிகாலை 2:17. அவர் செய்யவில்லை என்று இது நிறுவிவிடாது. ஆனால் அவருக்கு எதிராக இருந்த ஒரே சான்று விழுந்துவிடுகிறது. இது விசாரணை நடந்த வாரமே எனக்குத் தெரியும். சொன்னால் பதினொரு நாள் கணக்கும் வெளிப்படும், வரைபடமும் போகும். மூன்று வாரம் தாமதித்தேன். அதற்குள் அவருடைய ஒப்பந்தம் முடிந்திருந்தது, புதுப்பிக்கவில்லை.

இப்போது வேறொரு கணினி மணிக்கொருமுறை மூன்று சர்வர்களிடமும் அம்முகவரியைக் கேட்டு, எங்களிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. எந்தச் சர்வரிடமிருந்தும் ஐந்து நிமிடம் வரி வராவிட்டால் கைப்பேசிக்குச் செய்தி வரும். பதிவு அமைப்பைத் தொடும் ஆணை எதுவும் வடிகட்டப்படுவதில்லை. ரூட் கணக்கைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு கணக்கு தரச் சொல்லியிருக்கிறேன். கோப்பு இன்னும் மேசைமேல்தான் இருக்கிறதாம்.

வரைபடத்தை மூன்றாம் இயலிலிருந்து எடுத்துவிட்டேன். நேர வேறுபாட்டை விளக்கி விசாரணைக் குழுவுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். ‘சரிங்க மேடம்’ என்றார்.