கறுப்பு விண்டோ: சில குறிப்புகள்

திருவானைக்காவலில் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை. லேமினேஷன், பான் கார்டு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் அங்கேயே முடியும். கம்ப்யூட்டர் இரண்டுதான். கவுன்சிலிங் சீசனில் ஒரே க்ரோமில் ஆள் மாற்றி ஆள் லாகின். முன்னால் உட்கார்ந்த பையன் லாக் அவுட் பண்ணாமல் எழுந்து போனால், அடுத்து வரும் பெண்ணுக்கு அவன் மார்க்கும் அவன் கேட்ட காலேஜ்களும் திறக்கும். அதனால் கடைத்தம்பி யார் வந்தாலும் முதலில் கண்ட்ரோல், ஷிப்ட், என் அழுத்துகிறார். "கறுப்பு விண்டோல போடுங்க சார்."

*

அவர் சொல்லும் கறுப்பு விண்டோ இன்காக்னிட்டோ. க்ரோமில் 2008-இலிருந்து இருக்கிறது. சஃபாரியில் அதற்கும் முன்னால், 2005-இல். உள்ளே நடப்பது சின்ன விஷயம்தான்: லாகினை நினைவில் வைக்கும் குக்கீகளுக்கு இந்த விண்டோவில் தனி டப்பா, மூடினால் டப்பா காலி.

*

ஒரு நுணுக்கம். க்ரோமில் இரண்டு கறுப்பு விண்டோ திறந்தாலும் டப்பா ஒன்றுதான். அண்ணன் கணக்கு ஒன்றில், தங்கை கணக்கு இன்னொன்றில் என்று நினைத்தால், ஒரே தளத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும். கடைசி விண்டோவையும் மூடினால்தான் சுத்தமாகும். தினமும் இரண்டு கணக்கோடு மாரடிப்பவர்களுக்கு க்ரோமில் தனித்தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்வதே நல்லது. ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு 2017-இல் வந்த கன்டெய்னர் வசதி இருக்கிறது. டேபுக்கு ஒரு டப்பா. ஊரில் அதை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. நல்ல சரக்குக்கு விளம்பரம் கிடையாது.

*

தட்கல் நேரத்தில் சாதா விண்டோவில் ஒரு ஐடி, கறுப்பில் இன்னொரு ஐடி என்று இரண்டு பக்கமும் விரலோட்டுவது இங்கே பழைய வித்தை. இப்போது பெரிதாக எடுபடாது. 2025 ஜூலை 1 முதல் ஆதார் இணைத்த ஐஆர்சிடிசி கணக்குக்குத்தான் ஆன்லைன் தட்கல். அதே மாதம் 15 முதல் ஆதார் ஓடிபியும் கேட்கிறது. விண்டோவைப் பிரிக்கலாம், ஆதாரை எங்கே பிரிப்பது?

*

மாமி ஒருவர் ஆதார் எடுக்க வந்திருந்தார். "தம்பி, எல்லாம் அழிஞ்சிடுமோன்னோ?"

"கறுப்புலதான் மாமி திறந்தேன், மூடினா போயிடும்."

லாகின் போனது உண்மை. இறக்கிய பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருந்தது, மேலும் கீழும் வேறு யார் யாருடைய ஆதாரோ வரிசை கட்டியிருந்தது. இன்காக்னிட்டோ ஹிஸ்டரியை அழிக்கும், இறக்கிய கோப்பைத் தொடாது. பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்ட் உண்டே என்பீர்கள். பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அது. அசல் அட்டையை ஜெராக்ஸுக்கு நீட்டியபோதே இரண்டையும் கொடுத்தாகிவிட்டது. மாமி ஃபோல்டரைக் காட்டச் சொல்லி, தன்னுடையதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ண வைத்த பிறகுதான் பணத்தை எடுத்தார்.

*

இப்படி அழிப்பதற்கு நேர் எதிர்த் திசையில் சட்டம் நிற்பது வேடிக்கை. 2011-இன் சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பெயரைப் பதிய வேண்டும், பார்த்த தளங்களின் பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். உள்ளே கட்டும் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. கடைத்தம்பியிடம் சொன்னேன். "நாங்க ப்ரௌசிங் சென்டர் இல்ல சார், ஜெராக்ஸ் கடை" என்றார்.

*

கறுப்பு விண்டோவில் கூகுளே பார்க்காது என்று நம்பியவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். 2020-இல் வழக்குப் போட்டார்கள். 2024-இல் சமரசம், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. தளங்களுக்கும் நெட் கொடுக்கும் கம்பெனிக்கும் உங்கள் நடமாட்டம் தெரியலாம் என்று அந்த விண்டோவின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்குமுன் எல்லாரும் முகவரியை அடிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

*

வீட்டில் ஒரே போனில் அப்பாவின் பென்ஷன் கணக்கும் மகனின் மெயிலும் இருந்தால், அப்பாவுடையதைக் கறுப்பில் திறப்பது சரியான வழி. 'பாஸ்வேர்டை சேமிக்கவா?' என்று எங்கே கேட்டாலும் வேண்டாம் கொடுத்துவிடுங்கள். பிரிண்டுக்காகக் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பைக் கடையிலேயே, கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார்.