மலைச்சாலைக் குறிப்புகள் – 4: சுவரைப் பார்த்த ஜன்னல்

போடியில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மலையேறத் தொடங்கியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஆடி மாத வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மெட்டைத் தாண்டியதும் மழை. மேற்கிலிருந்து வரும் பருவமழை மலையின் கேரளப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது; தேனிக்குக் காற்றும் கொஞ்சம் சாரலும்தான் மிச்சம். ஏலத்தோட்டங்கள், பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, பிறகு கேப் ரோடு. பாறையைக் குடைந்து அகலப்படுத்திய அந்தச் சாலையில் மழைக்காலத்தில் மண்ணும் கல்லும் சரிந்து போக்குவரத்து நிற்பது வழக்கம். அன்று வழிவிட்டது.

அம்மா வழியெல்லாம் பேசவே இல்லை. விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்து வளர்ந்தவர். எழுபதைத் தாண்டியபின் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்: படுத்தபடியே மலையைப் பார்க்க வேண்டும். முழங்கால் வலியோடு நடந்து சுற்ற அவரால் முடியாது. அதனால்தான், செலவு கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று, பள்ளத்தாக்கு தெரியும் அறையாகக் கேட்டு முன்பணம் கட்டியிருந்தேன்.

ரிசார்ட்டின் பெயர் வேண்டாம். மூணாறைத் தாண்டி, பள்ளிவாசல் போகும் பக்கம் இருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு தளம்தான் கண்ணில் படும். மற்றவையெல்லாம் சாலைக்குக் கீழே, சரிவை வெட்டிக் கட்டியவை. வரவேற்பறைதான் உச்சி. எங்களுக்குக் கொடுத்த அறை அதற்கு மூன்று தளம் கீழே. லிஃப்ட் ஓடவில்லை. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிக்கு ஒருமுறை நின்று நின்று இறங்கினார்.

அறைக்குள் நுழைந்ததும் பூஞ்சை வாடை. திரைச்சீலையை விலக்கினால், கை நீட்டித் தொடும் தூரத்தில் சுவர். மேலே போகும் சாலையைத் தாங்குவதற்காக எழுப்பிய தடுப்புச் சுவர் அது. ஜன்னலை அடைத்துக்கொண்டு, வானம் தெரியாத உயரத்துக்குப் பாசி பிடித்து நின்றது. பள்ளத்தாக்கைப் பார்த்த அறைகள் நடைகூடத்தின் எதிர்வரிசை. அவை முழுவதையும் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். “ஒரு ராத்திரி பொறுத்துக்குங்க சார், காலைல மாத்தித் தர்றேன்” என்றார் மேலாளர். சின்ன வயசுப் பையன். முன்பணம் வாங்கும்போது தந்த உறுதியை எடுத்துச் சொன்னேன். பதில் சொல்ல முடியாமல் நின்றார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்வை ஈரம். வெந்நீருக்குச் சூரிய ஒளித் தகடு வைத்திருக்கிறார்கள். மழை மூட்டத்தில் அது வேலை செய்யாது. குழாயில் செம்மண் நிறத் தண்ணீர் கொஞ்ச நேரம் வந்து நின்றுபோனது. சுற்றிலும் தேயிலை விளையும் ஊரில், பால்பொடியும் சர்க்கரையும் கலந்த பாக்கெட் தூளை வெந்நீரில் கரைத்துத் தேநீர் என்று கொடுத்தார்கள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். இவையெல்லாம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை. ஒரு புகார்க் கடிதத்தோடு மறந்திருப்பேன்.

அந்தச் சுவரைத்தான் மறக்க முடியவில்லை. மலையே தெரியாத அறையில் அம்மாவுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். “ஏய்யா, அந்தக் குழாய் வழியா ஒண்ணும் வரல. பக்கத்துல சுவத்துலருந்துல்ல தண்ணி கசியுது?” எழுந்து போய்ப் பார்த்தேன். சுவருக்குப் பின்னாலிருக்கும் மண்ணின் நீர் வடிவதற்காக வரிசையாகக் குழாய் பதித்திருந்தார்கள். பாதிக்கு மேல் மண் அடைத்துக் கிடந்தது. வழி அடைபட்ட நீர் சுவரின் இணைப்புகள் வழியே ஊறிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடம் லேசாக முன்னால் தள்ளியிருப்பதும் தெரிந்தது. “நம்ம கெணத்துச் சரிவு இப்படித்தான் ஊறும். ஊறுச்சுன்னா தாத்தா யாரையும் கெணத்துக்குள்ள எறங்க விடமாட்டாரு” என்றார் அம்மா.

அவர் சொன்னது சரியான கணக்கு. மழையில் நனைந்த மண்ணுக்கு எடை கூடும், பிடிப்பு குறையும். உள்ளே தேங்கிய நீர் சுவரை வெளியே தள்ளும். சரிவின் காலை வெட்டிக் கட்டடத்துக்கு இடம் எடுத்தால், மேலே இருக்கும் மண்ணைத் தாங்க அந்தச் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுக்கும் ஒவ்வொரு தளத்துக்காகவும் மலையை இன்னும் கொஞ்சம் செங்குத்தாகச் சீவ வேண்டும். அப்படிச் சீவிய பக்கத்தில் ஒரு வரிசை அறைகள் வெளிச்சமில்லாமல்தான் அமையும். எங்கள் பூஞ்சை வாடை, குழாயில் வந்த செம்மண், சுவரைப் பார்த்த ஜன்னல் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: தாங்காத சரிவில் அளவுக்கு மீறிய அறைகள்.

மறுநாள் காலை அறை துடைக்க வந்த பெண்மணி தமிழ்க்காரர். அவருடைய அம்மா கொழுந்து கிள்ளியவர். குடும்பம் இன்னும் எஸ்டேட் லயத்தில்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷம். சுவரைக் காட்டிக் கேட்டார். அந்தப் பெண் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “பெட்டிமுடிக்கு அப்புறம் மழை ஊத்துற ராத்திரி லயத்துல யாரும் முழுசா தூங்குறதில்லம்மா. இங்க வர்றவங்களுக்கு அதெல்லாம் தெரியாது.”

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் சரிந்த மலை தொழிலாளர் லயங்களை அப்படியே மூடியது. 70 பேர் போனார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழர்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாறு பக்கம். அங்கே ரிசார்ட் எதுவும் கிடையாது. பெருமழையில் மேலேயிருந்த சரிவு நழுவி வந்தது, அவ்வளவுதான். கட்டடத்துக்காக யாரும் வெட்டாத மலையே அப்படி வரும் என்றால், காலை வெட்டிவிட்ட மலையை நம்பி அதன் மடியில் மக்களைப் படுக்க வைப்பது எப்படி? 2018 ஆகஸ்ட் பெருமழையில் இதே பள்ளிவாசல் பக்கம் நிலச்சரிவில் வழி அடைபட்டு, ஒரு ரிசார்ட்டில் வெளிநாட்டவர் உட்படப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ராணுவம் வந்து மீட்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் 1924இல் வந்த பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையையே துடைத்துப் போட்டது. அந்த ரயில் அதன்பின் ஓடவே இல்லை. இந்த மண்ணின் குணம் நூறு வருஷமாகத் தெரிந்ததுதான்.

2007இல் முதலமைச்சராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் ஒரு தனிக்குழுவை அனுப்பி, ஆக்கிரமித்துக் கட்டிய ரிசார்ட்டுகள் சிலவற்றை இடித்தார். கொஞ்ச நாளில் அரசியல் நெருக்கடி. அந்த வேகம் நின்றுபோனது. அன்றைய நடவடிக்கை தொடர்ந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். இங்கே தங்க வருகிறவர்களின் காசில்தான் நிறையக் குடும்பங்கள் பிழைக்கின்றன, அறை துடைத்த அந்தப் பெண்ணின் குடும்பமும்கூட. ஆனால் ஒரு தளமோ இரண்டு தளமோ, மலையின் சரிவுக்கு இசைந்து கட்டினாலும் அந்தப் பிழைப்பு நடக்கும். சுவர் சாய்ந்தால் முதலில் கீழ்த்தளத்தில் நிற்கப்போவது இந்தப் பெண்தான்.

மேலாளரிடம் போய்ச் சுவரைப் பற்றிச் சொன்னேன். முதலாளி எர்ணாகுளத்தில் இருக்கிறாராம். குழாய் அடைத்திருப்பதைப் போன மழைக்காலத்திலேயே எழுதி அனுப்பினேன் என்றார் அந்தப் பையன். மாற்று அறை தயாராகிக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் என்றேன். மறுபேச்சில்லாமல் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முன்னால் வைத்தே முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி, அதே விவரத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

மூணாறில் அறை எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். அறை சாலைக்கு மேலா கீழா, எத்தனை தளம் கீழே என்று கேளுங்கள். அழகான படங்கள் போதாது. உங்களுக்குத் தரப்போகும் அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஆடி, ஆவணியில் வருவதாக இருந்தால் சரிவுக்கு அடியில் தங்கவே தங்காதீர்கள்.

மத்தியானம் வந்த வழியே கேப் ரோட்டில் திரும்பி, சூரியநெல்லியில் இரண்டு அறைகளை மட்டும் வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் இறங்கினோம். படிகள் கிடையாது. வீட்டுக்காரம்மாவுக்குப் பூர்வீகம் தேவாரம். இரவுக்குள் அம்மாவும் அவரும் உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் பொறுப்பில் அம்மாவை விட்டுவிட்டு நான் மட்டும் கொழுக்குமலை போகிறேன். அது தேனி மாவட்டத்து மலை. ஆனாலும் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்தான். விடியும் முன்பே வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறார் ஜீப்காரர். அடுத்த இதழில் அந்தப் பாதையும், மேலே இருக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலையும்.