சுடுதண்ணீர் வைக்கச் சோம்பல்

என் இடது காதுக்குள் ஒரு சில்வண்டு முப்பத்தைந்து வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. கேட்பவர்களிடம் தீபாவளி வெடி என்று சொல்லிவைத்திருக்கிறேன். வெடிதான், தீபாவளி இல்லை.

போடியிலிருந்து முந்தல் தாண்டி போடிமெட்டுக்கு ஏறும் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலம், அதற்குக் கீழே கொஞ்சம் காப்பி. அப்பா பேரில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பர்மிங்காமில் செய்தது. குழல் முழுக்கச் சுருள்சுருளாகக் கோலம் ஓடும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த குழல் என்பதால் வந்த கோலம் அது. சின்ன வயதில் அதை அழகு என்று நினைத்துத் தடவிப் பார்ப்பேன். பலவீனம் என்று தெரிந்தது ரொம்பப் பிந்தி.

கடையில் விற்ற காகிதத் தோட்டா எங்கள் மலைக்கு ஒத்துவராது. ஐப்பசி மூடுபனியில் ஊறிப் பெருத்துவிடும். குழலுக்குள் போகாது, போனால் வெளியே வராது. அதனால் அப்பா பித்தளைத் தோட்டாதான் வைத்திருந்தார். சுட்ட தோட்டாவுக்குப் புதுக் கேப்பு அடித்து, கருமருந்து போட்டு, அட்டை வைத்து, ரவை போட்டு மூடுவார். மருந்து அளக்க ஒரு குட்டிப் பித்தளைக் குப்பி. தோட்டா செய்வதற்கே தனி உரிமம் வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அப்பாவிடம் அது இருந்ததா என்று நான் கேட்டதில்லை. என்னிடம் இல்லை. இதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா போனபின் உரிமம் என் பேருக்கு மாறியது. துப்பாக்கியோடு வந்த வேலைதான் எனக்குப் பிடிக்கவில்லை. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடமாகவே மிஞ்சும். கொஞ்சம் வெள்ளைப் புகையாக வெளியே போகும், மீதி குழலுக்குள் கரியாக ஒட்டும். அந்தக் கரி ஈரத்தை இழுக்கும். கழுவாமல் விட்டால் காலையில் துரு. கழுவ எண்ணெய் போதாது, சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டுவிட்டு, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு நடுங்கிக்கொண்டே வந்து, ஈர விறகை ஊதி, தண்ணீர் காய்ச்சி, அழுகிய முட்டை நாற்றத்தோடு குழல் கழுவுவது ஒரு இருபத்தாறு வயதுக்காரனுக்கு எப்படி இருக்கும்? அப்பா ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. நான் தினமும் முணுமுணுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். புகையில்லா மருந்து என்றார். லேபிள் எப்போதோ உரிந்துபோயிருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடிச் செதில்கள். கரி ஒட்டாது, கழுவ வேண்டாம், துணி போட்டுத் துடைத்தால் போதும் என்றார். மருந்தைத் தேர்ந்தெடுக்க நான் யோசித்தது அவ்வளவுதான். எந்த மருந்து, யார் செய்தது, எந்தத் துப்பாக்கிக்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சுடுதண்ணீர் மிச்சம் என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது.

கருமருந்துக்குத் தம்பி மாதிரிதான் இது என்று நினைத்தேன். சாதியே வேறு. 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் அமிலத்தில் பஞ்சை நனைத்து வெடிக்க வைத்ததிலிருந்து தொடங்கும் வம்சம் இது. 1884இல் பிரான்சில் வியேல் என்பவர் அதை அடக்கி, துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தாக்கினார். நம் நீலகிரியில் அருவங்காட்டு ஆலையை வெள்ளைக்காரன் கட்டியதே கார்டைட் என்ற இந்த வகை மருந்துக்காகத்தான். கருமருந்து அடைத்து வைத்தாலும் ஓரளவு தன் போக்கில் எரியும். இது அப்படியில்லை. அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். அதிலேயே வேகமாக எரிவது, நிதானமாக எரிவது என்று பல வகை. லேசான ரவைக்கு ஒன்று, கனமான ரவைக்கு இன்னொன்று. கண்ணால் பார்த்து எது எது என்று எவனாலும் சொல்ல முடியாது. அதனால்தான் லேபிள் இல்லாத டப்பாவை விவரம் தெரிந்தவர்கள் தொடுவதில்லை.

அளவு இன்னொரு குழி. பழைய தோட்டாப் பெட்டிகளில் '3 டிராம் ஈக்விவலன்ட்' என்று போட்டிருக்கும். டிராம் என்பது சுமார் 1.77 கிராம். உள்ளே மூன்று டிராம் மருந்து இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. மூன்று டிராம் கருமருந்து செய்கிற வேலையை இது செய்யும் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் புகையில்லா மருந்து அதைவிட ரொம்பக் குறைவு. பெட்டியைப் படித்து மூன்று டிராமையே கொட்டியவர்கள் வெளிநாடுகளிலும் உண்டு என்று பிறகு படித்தபோது ஆறுதலாக இருந்தது. வெட்கங்கெட்ட ஆறுதல்.

எனக்கு மன்னிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு. போடியில் ஏலக்காயைக் கையில் எடுத்த எவனுக்கும் லிட்டர் எடை தெரியும். ஒரு லிட்டர் படியில் கொட்டி நிறுத்துப் பார்ப்பார்கள். எக்ஸ்ட்ரா போல்ட் என்றால் 435 கிராம், போல்ட் என்றால் 415. படி ஒன்றுதான், சரக்கு மாறினால் எடை மாறும், விலை மாறும். வாரா வாரம் ஏல மையத்தில் நின்று இதைப் பார்த்தவன் நான். அதே நான், கருமருந்துக்கென்று அப்பா வைத்திருந்த குப்பியில், பேர் தெரியாத ஒரு மருந்தைத் தலைதட்டி அளந்து போட்டேன். ஆறு தோட்டா. நேர்த்தியாக இருந்ததாக எனக்கு ஞாபகம்.

அன்று ராத்திரி காவக்காரர் கூட வந்தார். அப்பா காலத்து ஆள், எனக்கு மாமா முறை சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம். எனக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி டார்ச் பிடித்து நின்றார். வானத்தைப் பார்த்து விசையை இழுத்தேன்.

சத்தம் கேட்டதாக நினைவில்லை. வெளிச்சம் இருந்தது. அப்புறம் மூடுபனியில் உட்கார்ந்திருந்தேன். இடது குழல் இலவங்காய் வெடித்த மாதிரி நீளவாக்கில் பிளந்து விரிந்திருந்தது. என் ஆள்காட்டி விரலின் நுனி அன்றே போனது, காது அன்றே போனது. மாமாவின் முழங்கைக்குக் கீழே ஒரு இரும்புச் சிம்பு இறங்கியிருந்தது. அவர் டார்ச்சைக் கீழே போடவில்லை. என் கையின் மேல் அடித்துப் பார்த்துவிட்டு, "பொறு தம்பி, ஒண்ணுமில்ல" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவர் கல் தெறித்தது என்றார். நான் ஸ்டேஷனில் குழலுக்குள் மண் அடைத்திருந்தது என்றேன். மண் அடைத்தாலும் குழல் வெடிக்கும் என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மிச்சம் இருந்த ஐந்து தோட்டாவை மறுநாளே தண்ணீரில் போட்டு ஊறவைத்துப் பிரித்தேன். துப்பாக்கியையும் உரிமத்தையும் ஒப்படைத்தேன். வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் பார்த்துத்தான், புகையில்லா மருந்துக்குச் சோதித்துத் தேறிய பர்மிங்காம் குழல்களில் கிரீடத்தோடு 'என்.பி.' என்று முத்திரை குத்துவார்கள் எனத் தெரிந்தது. எங்கள் குழலில் கோலம் மட்டும்தான் இருந்தது.

பன்றி இன்றும் வருகிறது. 2022 முதல் கேரளப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவரே சுட அனுமதி தரலாம். நம் பக்கம் 2025இல் வந்த உத்தரவுப்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறைதான் சுடலாம். எங்கள் சரிவில் காடும் தோட்டமும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். ஆகவே தகரம் தட்டுகிறோம்.

மாமா இறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் பார்க்கப் போயிருந்தேன். தழும்பைத் தேய்த்துக்கொண்டே, "ஆமா, அந்த டப்பாவுல என்னதான் தம்பி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியல மாமா" என்றேன்.

"தெரியாமயா அளந்த?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"சுடுதண்ணி வைக்கச் சோம்பல் மாமா" என்றேன். அவர் சிரித்தார். மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி போடச் சொன்னார்.