தாமே வாசிக்கும் உரிமை

கல்லூரியின் வாயில் யாது என வினவின், முற்காலத்தவர் கல்லாற் கட்டிய தோரண வாயிலைச் சுட்டியிருப்பர். இக்காலத்து மாணவனோ அவ்வாயிலை மிதிக்குமுன் வேறொரு வாயிலைக் கடந்தாக வேண்டும். விண்ணப்பம் விடுத்தலும், கட்டணஞ் செலுத்தலும், பாடக்குறிப்புப் பெறுதலும், தேர்வு நுழைவுச்சீட்டை எடுத்தலும், மதிப்பெண் அறிதலும் இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியே நிகழ்கின்றன. படிக்கட்டின் அருகே சாய்தளம் வேண்டுமென்பதை நாம் ஒருவாறு உணர்ந்துவிட்டோம். சக்கர நாற்காலியில் வருபவர் படியேற மாட்டாது நிற்பது நம் கண்ணுக்குத் தெரிகின்றது. இணைய வாயிலில் தடையுண்டு நிற்பவரை நாம் காண்பதில்லை. அவர் தம் அறையில் தனியே இருக்கின்றார். அவர் பொருட்டே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் பிறவியிலேயே பார்வையில்லாதவர். இரண்டு ஆண்டுகள் யான் அவருக்குப் பாடங்களை வாசித்துக் காட்டினேன். மாலைதோறும் நூலகத்துத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் அமர்வோம். அப்பணி எனக்கு மகிழ்ச்சி தந்தது. பாடமும் என் நெஞ்சில் நன்கு பதிந்தது. ஆயினும் ஒருநாள் அவர் கூறிய சொற்கள் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. "நீங்கள் வாசிக்கும்போது உங்கள் வேகமே என் வேகம். ஒரு வரியை நான்காம் முறை கேட்க விரும்பினாலும், உங்களுக்கு அலுப்பாகுமோ என்றெண்ணிக் கேளாது விடுகின்றேன். இரவில் ஓர் ஐயம் எழுந்தால் விடியுமளவும், விடிந்தபின் மாலையளவும் காத்திருக்கின்றேன்" என்றார். அவர் இதனைக் குறையாகக் கூறினாரல்லர். உள்ளதை உள்ளவாறு கூறினார்.

இத்தனைக்கும் அவரிடம் கணிப்பொறி இருந்தது. திரையில் உள்ள எழுத்தை ஒலியாக்கிக் கூறும் ஸ்கிரீன் ரீடர் என்னும் திரைவாசிப்பானும் அதில் இருந்தது. பார்வையற்றோராகிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் ஆஸ்திரேலியர் இருவருள் முன்னவர் 2006-ஆம் ஆண்டு தொடங்க, பின்னவரும் உடன்சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் அது, விலையின்றிக் கிடைப்பது. அங்ஙனமாயின் யான் வாசித்துக் காட்டவேண்டியது எற்றுக்கு?

காரணம், எமக்குக் கிடைத்த குறிப்புகளுட் பல தாளை அப்படியே படம் பிடித்து வைத்தவை. படத்தில் எழுத்தின் தோற்றம் உண்டு, எழுத்து இல்லை. ஆதலின் கருவி ஊமையாகிவிடும். படத்தினின்று எழுத்தைப் பிரித்தெடுக்கும் வழிகள் இன்று உளவெனினும், மங்கிய நகலிலும் கையெழுத்திலும் அவை தடுமாறும். தமிழ்ப் பாடத்திற்கோ மற்றுமோர் இடர். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில், நம் கண்ணுக்குத் தோன்றுவது தமிழ். உள்ளே பதிந்திருப்பதோ ஆங்கில எழுத்து. 'அம்மா' என்னுஞ் சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என நிற்கின்றது. தாய்மொழியின் முதற் சொல்லைக் கருவி இவ்வாறு பொருளின்றிப் பிதற்றக் கேட்பது பெரிதும் வருந்தத்தக்கது. 1991-இல் வெளியான யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழெழுத்துகள் இடம்பெற்றுவிட்டன. அம்முறையில் அடித்தால் இவ்விடர் எழாது.

நிற்க. ஒரு பழஞ் செய்தியை நினைவூட்டுவேன். பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில், வழக்கிலுள்ள எழுத்துகளையே மேடாக அச்சிட்டு விரலால் தடவிப் படிக்கச் செய்தனர். பார்ப்பவர் கண்ணுக்கு அவை அழகியவை. தடவுபவர் விரலுக்கு வருத்தந் தருபவை. அவ்வெழுத்தைப் பயின்றோர் தாமே எழுதவும் இயலவில்லை. அப்பள்ளியிற் பயின்ற லூயி பிரெயில் 1829-இல் தம் புள்ளியெழுத்து முறையை வெளியிட்டார். அப்பள்ளி அதனை முறைப்படி ஏற்றதோ 1854-இல். அவர் இறந்து ஈராண்டு கழிந்திருந்தது. பிறர்க்காக ஒன்றை அமைப்போர் அதனைத் தம் கண்ணால் மட்டும் அளந்தால் விளையும் தாழ்வு இது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசுதவி பெறும் உயர்கல்வி நிலையங்களிற் குறைந்தது 5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கப் பணிக்கின்றது. மின்னணு ஊடகங்களில் வருவன யாவும் அவர்கள் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டுமென்பதும் அச்சட்டத்தின் கருத்தே. 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதியே எனத் தீர்ப்பளித்தது. இடம் அளித்து நூலை மறுப்பது, விருந்தினரை அழைத்து இலையிட்டு உணவு பரிமாறாமை போல்வதாம்.

செய்யவேண்டியவை பெருஞ் செலவினவல்ல. தலைப்பைப் பருத்த எழுத்தில் அடிப்பதோடு நில்லாது, தலைப்பென்றே கோப்பிற் குறித்தால், பார்வையற்றவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்வர். படத்திற்கு ஒரு வரி விளக்கம் சேர்த்தல், காணொளிப் பாடத்தின் அடியிற் பேச்சை எழுத்தாகத் தருதல், எலியைப் பிடிக்கவியலாத கையினரும் விசைப்பலகையால் மட்டுமே விண்ணப்பத்தை நிரப்புமாறு அமைத்தல், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவிற் குறையாமை ஆகிய இவையெல்லாம் உலகளாவிய நெறிகளாக வகுக்கப்பட்டுள்ளன. தொடக்கத்திற் செய்தால் சில நிமிடங்களே ஆகும். ஆயிரம் கோப்புகள் குவிந்தபின் செய்யப்புகின் மலைப்பே மிஞ்சும்.

எம் ஆசிரியர் ஒருவர் தம் பாடத்தின் ஓர் அலகை யூனிக்கோட்டில், தலைப்புகளுடன், புதிதாக அடித்துத் தந்தார். மறுநாட் காலை என் நண்பர் வகுப்பில் எழுந்து, அதில் வந்ததோர் இலக்கணத்தை மறுத்துப் பேசினார். இரவில் அதனைப் பதினோரு முறை கேட்டதாகப் பின்னர் என்னிடம் கூறினார். ஆசிரியர் அம்மறுப்பை ஏற்று, அவ்விடத்தைத் திருத்தினார். ஈராண்டு யான் வாசித்துக் காட்டியபோது அவர் பாடத்தை அறிந்தார். தாமே வாசித்த அன்று பாடத்தோடு வாதிட்டார். கல்லூரிக் கல்வியென நாம் மதிப்பது அவ்வாதமே அன்றோ?

ஆதலின் ஆசிரியப் பெருமக்களையும், அலுவலக அன்பர்களையும், கருத்தரங்கக் குறிப்பு எழுதும் உடன்மாணவரையும் யான் வேண்டுவது இது. அடுத்து நீங்கள் வெளியிடும் கோப்பு ஒன்றையேனும் திரைவாசிப்பானில் ஒருமுறை கேட்டுப் பார்த்து வெளியிடுங்கள். பழைய மாணவர்கள் நூலகத்திலுள்ள பழந்தாள்களை எழுத்தாக்கும் பணியிற் பங்கு கொள்ளலாம். இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதியும் இணையத்தில் ஏறுமாயின், படமாக மட்டுமன்றி எழுத்தாகவும் ஏறுதல் வேண்டும். என் நண்பர் இக்கட்டுரையைத் தமக்கு உகந்த பொழுதில் தாமே வாசித்து, மறுக்கத்தக்கது காணின் மறுத்து எழுதுவாராக.