டார்ச் லைட்டும் பெரியம்மாவின் காதும்



எங்கள் வீட்டில் குக்கர் விசில் எண்ணுவது என் வேலை. ஏன்னா, பெரியம்மாவுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் சரியாகக் கேட்காது. இரண்டு வருடம் முன்பு சினைப்பையில் புற்றுநோய் வந்து கீமோ எடுத்தாங்க. கட்டி கரைந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றியதும் ரெண்டு மூணு நாள் ஓயாத வாந்தி. பிறகு காதில் இரைச்சல். கடைசியில் காதே மந்தமாகிவிட்டது.

மருந்துச் சீட்டில் சிஸ்பிளாட்டின் என்று இருந்தது. வேதியியல் டீச்சரிடம் கேட்டேன். "அதுல இருக்கிறது பிளாட்டினம்டா, நகைக்கடையில விக்கிற அதே உலோகம்" என்றார். நான் நம்பவே இல்லை! 1965ல் அமெரிக்காவில் ரோசன்பெர்க் என்பவர் பாக்டீரியா இருந்த கரைசலில் மின்சாரம் செலுத்தினாராம். பாக்டீரியா பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். செல் பிரிவதைத் தடுத்தால் புற்றுநோயையும் தடுக்கலாமே என்று யோசித்தார். 1978ல் அது மருந்தானது. ஆனால் அது ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றும். காது, சிறுநீரகம் என்று போகிற இடமெல்லாம் கை வைத்துவிடும்.

"தேவையான இடத்துல மட்டும் வேலை செய்யாதா டீச்சர்?" என்று கேட்டேன். அதற்குத்தான் வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னார். இருட்டில் சும்மா கிடக்கும் உலோகச் சேர்மம், ஒளி பட்டதும் விழித்துக்கொள்ளுமாம். அட்டவணையில் 44வது இடத்தில் நாம் மனப்பாடம் செய்து மறந்துபோகிற ருத்தேனியம் அதில் ஒன்று. ஒளியை வாங்கி, பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். வேகம் பிடித்த அந்த ஆக்சிஜன் செல்லைக் கொல்லும். கனடாவில் 2017ல் இப்படி ஒரு ருத்தேனிய மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். மருந்தைப் பைக்குள் விட்டு, கழுவி, பிறகு குழாய் வழியாக உள்ளேயே பச்சை லேசர் ஒளி.

ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். "எனக்கு வயித்துக்குள்ள அங்கங்க பரவியிருந்துச்சே, அங்கெல்லாம் எப்படிடா லைட் அடிப்பாங்க?" என்று கேட்டாங்க. பதில் தெரியலை.

அன்று ராத்திரி கரண்ட் போனது. டார்ச்சை விரலுக்கு அடியில் வைத்தேன். விரல் சிவப்பாக ஒளிர்ந்தது. பச்சைக் கண்ணாடி பேப்பர் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, இருட்டு. நீங்களும் செய்து பாருங்கள். பச்சை ஒளி தசைக்குள் ரொம்ப தூரம் போகாது. சிவப்பு போகும், அதுவும் கொஞ்ச தூரம்தான். பல்லேடியம் என்ற உலோகம் கலந்த ஒரு மருந்துக்கு ஐரோப்பாவில் 2017ல் அனுமதி கிடைத்தது. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கானது. அதற்கு அகச்சிவப்பு ஒளிதான் வேண்டும். அப்படியும், ஒளியிழைகளைச் சுரப்பிக்குள்ளேயே செருக வேண்டியிருக்கிறது.

பெரியம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு தெரியலையே, இன்னும் பெரிய லைட்டா வாங்கு" என்று சிரிச்சாங்க. அதற்குள் அடுப்பில் இரண்டாவது விசில். நான்தான் போய் அணைத்தேன்.

- 11ஆம் வகுப்பு மாணவன்