ஆடுவோனற்ற சுடுகாடு

சென்ற மாரிகாலத்தில், தாயாரின் அந்தியேட்டியை முடித்துக்கொண்டு வளாகத்துக்குத் திரும்பிய என் அறை நண்பன் அதிகம் பேசாதவனாகிவிட்டான். விரிவுரைகளுக்கு வந்தான், உணவருந்தினான், இரவானதும் இயர்போனைச் செவிகளிற் பொருத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதிலிருந்து கசிந்த இரைச்சலைக் கேட்ட பக்கத்து அறையார் அதற்குப் ‘பேய்ப்பாட்டு’ எனப் பெயரிட்டனர். ஒருநாள் நானும் அதனை வாங்கிக் காதில் வைத்தேன். இசையென்று நான் அதுவரை அறிந்திருந்த எதனோடும் அதற்கு உறவிருப்பதாகத் தோன்றவில்லை.

“உது பாட்டோ?” என்றேன்.

“ஓம் மச்சான். இதைக் கேட்டாத்தான் எனக்கு நித்திரை வருது,” என்றான்.

நோர்வே நாட்டு மேஹெம் என்னும் குழுவினரின் முதலாவது முழுநீள இசைத்தொகுப்பு அது. ‘டீ மிஸ்டீரியிஸ் டொம் சாத்தனாஸ்’ என்பது அதன் பெயர். அதன் பாடல்களுட் பெரும்பாலானவற்றை எழுதியவர் தமது இருபத்திரண்டாவது வயதில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அன்றிரவு நித்திரையின்றிக் கிடந்தவன் நான். அத்தொகுப்பை நண்பனிடமிருந்து பறித்துவிடுவதா, அன்றி அதனை முழுவதும் கேட்டு விளங்கிக்கொள்வதா என எண்ணிப் பார்த்தேன். இரண்டாவதையே தெரிந்தேன். இக்கட்டுரை அதன் விளைவு.

‘பிளாக் மெற்றல்’ எனப்படும் இவ்விசைவகைக்குப் பெயர் தந்தது வெனம் என்னும் ஆங்கிலக் குழு 1982இல் வெளியிட்ட இசைத்தட்டாகும். அக்குழுவினருக்குச் சாத்தான் ஒரு மேடை வேடம். கூத்தாடுவோன் முடியையும் புயக்கட்டையும் அணிவது போன்று அவர்கள் அதனை அணிந்து, ஆட்டம் முடிந்ததும் கழற்றி வைத்தனர். ஒஸ்லோவை அண்டிய பகுதியில் 1984இல் தோன்றிய மேஹெம் குழுவினரோ வேடத்தை முகமாகக் கொள்ள முனைந்தவர்கள். அதன் தலைவரான கிற்றார் கலைஞர் ஓய்ஸ்ரைன் ஆர்செத், யூரோனிமஸ் என்னும் புனைபெயர் கொண்டவர். தீமையைப் பாடுவோர் தீமையை மெய்யாகவே நம்பவேண்டும் என்பது அவரது கொள்கை. 1991இல் அவர் ஒஸ்லோவில் திறந்த இசைத்தட்டுக் கடையின் பெயரே ‘நரகம்’ எனப் பொருள்படுவது. 1988இல் சுவீடனிலிருந்து வந்து சேர்ந்த பாடகர் பேர் யிங்வே ஊலின், ‘இறந்தவன்’ என்றே தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். 1991 ஏப்பிரலில் அப்பெயர் மெய்யாயிற்று.

அவர் விட்டுச்சென்ற சொற்களுக்குக் குரல் தேவைப்பட்டது. ஹங்கேரியிலிருந்து அத்தில்லா சிஹார் என்னும் பாடகர் அழைக்கப்பட்டார். பேர்கன் நகரில், இசைமேதை எட்வர்ட் கிரீக்கின் பெயர் தாங்கிய மண்டபத்தில் 1992ஆம் 1993ஆம் ஆண்டுகளில் ஒலிப்பதிவு நிகழ்ந்தது. எட்டுப் பாடல்கள், நாற்பத்தாறு நிமிடங்கள் வரையில் ஒலிப்பவை.

முதன்முறை கேட்போருக்கு இது வெறும் இரைச்சலே. பன்முறை கேட்டபின்னரே இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு புலப்படலாயிற்று. ஒரு தந்தியை இடைவிடாது மிக விரைந்து மீட்டும்போது தனித்தனிச் சுரங்கள் மறைந்து, தூரத்து மழைபோல ஒரே நீரோட்டமாக அது கேட்கிறது. அதன் அடியில் ஹெல்ஹாமரின் முரசங்கள் அசுர வேகத்தில் ஓடுகின்றன. எனினும், மேலேயுள்ள இராகமோ மெதுவாக, ஏறக்குறைய ஒப்பாரியின் கதியில், நகர்கின்றது. வேகமும் அசைவின்மையும் ஒருங்கே நிகழும் இவ்விந்தையே இத்தொகுப்பின் ஆற்றல் என்பேன். சிஹாரின் குரல் கத்துவதன்று. முணுமுணுக்கிறது, இழுபடுகிறது, சிலவேளை தேவாலயப் பூசையின் மந்திர ஓதலைப்போலவே ஒலித்து அதனைத் தலைகீழாக்குகிறது. அட்டைப்படமாக அமைந்ததும் தேவாலயமொன்றே. ட்ரொண்ட்ஹைம் நகரிலே புனித ஓலாவின் சமாதிமீது எழுந்த நிடாரோஸ் பேராலயம், இருளில் நீலம் பாய்ந்து நிற்கிறது.

இனி, இதன் மாந்திரீகப் பொருளுக்கு வருவோம். தலைப்பு, ‘சாத்தான் பெருமானின் மறைபொருள்கள் பற்றி’ எனப் பொருள்பட அமைக்கப்பட்டது. அதன் இலத்தீன் இலக்கணவழுவுடையது என்பதை அம்மொழி கற்றோர் எளிதிற் காண்பர். இச்சிறு வழு எனக்குப் பெரிய உண்மையொன்றைக் காட்டிற்று. தொன்மையான மந்திர ஏடு எதனையும் இவ்விளைஞர் கண்டெடுத்தாரல்லர். திகிற் படங்களிலும் பழைய இசைத்தட்டுகளிலுமிருந்து தமக்கென ஓர் இருளைத் தாமே கட்டிக்கொண்டனர். தலைப்பில் உரத்து ஒலிக்கும் சாத்தான், பாடல்களின் உள்ளே தேடும்போது பெரும்பாலும் அகப்படுவதில்லை. அங்கிருப்பவை கல்லறையிலிருந்து எழும் மூடுபனி, உறைந்த நிலவு, புழுதி மூடிய காலம், இறந்தும் இறவாத ஒருவனின் தனிமை ஆகியனவே. மாந்திரீகம் வாயில், உள்ளே இருப்பது சாவு.

அச்சத்தைக் கலைக்குப் புறம்பானதாக எமது மரபு கருதவில்லை. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் முதலில் வைத்தெண்ணப்படுவது அணங்கு. காரைக்காலம்மையார் தம்மைப் பேயென்றே கூறிக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டை அதன் நிணத்தோடும் நரியோடும் பாடினார். எனவே, ‘பேய்ப்பாட்டு’ என்பது தன்னளவில் இகழ்ச்சியாகாது. ஆனால், அம்மையாரின் சுடுகாட்டில் ஆடுபவன் ஒருவன் இருக்கிறான். அவன் ஆடுவதால் அந்தக் கோரமும் பொருள் பெறுகிறது. ஊலின் எழுதிய சுடுகாட்டில் எவரும் ஆடவில்லை. அழைக்கப்பட்ட சாத்தானும் வந்தானில்லை. குளிர் மட்டுமே உண்டு. இத்தொகுப்பில் என்னை மெய்யாகவே அச்சுறுத்தியது இவ்வெறுமைதான்.

இவ்வளவோடு நின்றிருப்பின் இது ஓர் இசை விமர்சனமாக முடிந்திருக்கும். அவர்கள் இவ்வளவோடு நிற்கவில்லை. 1992 யூன் 6ஆந் திகதி பேர்கனுக்கு அண்மையில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரத்தாற் கட்டப்பட்ட ஃபன்ரொஃப்ற் தேவாலயம் எரிந்தது. வேறு தேவாலயங்களும் தொடர்ந்து எரிந்தன. 1993 ஓகஸ்ட் 10ஆந் திகதி, இத்தொகுப்பிற் பேஸ் கிற்றார் வாசித்த வார்க் விக்கெர்னஸ், ஒஸ்லோவிலிருந்த இல்லத்தில் யூரோனிமஸைக் குத்திக் கொன்றார். கொன்றவருக்கு இருபது வயது, கொல்லப்பட்டவருக்கு இருபத்தைந்து. அக்கொலைக்கும், தேவாலயங்கள் சிலவற்றை எரித்தமைக்குமாக விக்கெர்னஸுக்கு 1994 மே மாதத்தில் இருபத்தொரு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே மாதத்தில் இத்தொகுப்பும் வெளிவந்தது. மகனைக் கொன்றவரின் வாசிப்பை நீக்கிவிடுமாறு பெற்றோர் கேட்டுக்கொண்டனர் என்றும், தமக்குப் பேஸ் வாசிக்கத் தெரியாமையால் அதனை அப்படியே விட்டுவிட்டதாகவும் ஹெல்ஹாமர் பின்னர் கூறியுள்ளார். ஆகவே, கொன்றவனும் கொல்லப்பட்டவனும் இந்த எட்டுப் பாடல்களிலும் இன்றுவரை அருகருகே வாசித்துக்கொண்டிருக்கின்றனர்.

இவ்விடத்தில் என்னால் நடுநிலை வகிக்க இயலவில்லை. செல்வமும் சமூகப் பாதுகாப்பும் நிறைந்த நாடொன்றின் இளைஞர், வாழ்வின் சலிப்பினின்று விடுபட இருளைத் தேடினர் என விளக்குவாருளர். விளக்கம் ஓரளவு பொருந்தலாம், மன்னிப்பாகாது. எரியும் தேவாலயத்தை ஓர் உருவகமாக எண்ணுவதற்கு நான் பிறந்த மண் என்னை விடுவதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதைக் கண்டோர் எங்கள் வீடுகளில் உளர். 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் நிகழ்ந்ததை என் தலைமுறையினர் அறிவர். காரணங்கள் வேறு, ஆட்கள் வேறு. ஆயினும், சாம்பலைக் கூட்டியள்ளுபவர்கள் எங்கும் ஒரே வகையினர்தாம்.

அங்ஙனமாயின் இத்தொகுப்பை நிராகரித்துவிடுவதா? பல நாள் இதனைச் சிந்தித்தேன். அக்குழுவினரின் வாதமும், அவர்களைக் கண்டிப்போர் பலரின் வாதமும் ஓரிடத்தில் ஒன்றுபடுவதைக் கண்டேன். இவ்விசையின் மெய்ம்மை அக்குற்றங்களில் உள்ளது என இரு சாராரும் கருதுகின்றனர். முன்னையோர் அதனாற் பெருமை கொள்கின்றனர். பின்னையோர் அதனால் வெறுக்கின்றனர். எனது துணிபு இதற்கு மாறானது. நிலவைப் பற்றிய அப்பாடலை ஊலின் 1990இல் லைப்சிக் நகர மேடையில் தம் குரலிலேயே பாடியிருக்கிறார். அப்போது எந்தத் தேவாலயமும் எரிந்திருக்கவில்லை, எவரும் கொல்லப்பட்டிருக்கவில்லை, பாடலின் குளிரோ அப்போதே முழுமையாக இருந்தது. இத்தொகுப்பிற் சிறந்தவை யாவும் பயிற்சியாலும் செவிநுட்பத்தாலும், இறந்த ஒருவனின் சொற்களைக் காப்பாற்றவேண்டும் என்ற முனைப்பாலும் விளைந்தவை. தீ அதற்கு ஒரு சுரத்தையேனும் சேர்க்கவில்லை. கத்தி சேர்த்தது புகழை மட்டுமே. கலையின் மெய்ம்மையைக் குருதியால் நிறுவிக் காட்டவேண்டும் என்ற கோரிக்கை எந்நாட்டில் எழுந்தாலும் பொய்யானது. அப்பொய்க்கு இரையானவர்களுள் அதனை உரக்கக் கூறியவரும் ஒருவர்.

இவற்றையெல்லாம் ஒருநாள் மாலை நண்பனிடம் கூறினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“தெரியும் மச்சான், எல்லாம் வாசிச்சனான். அவங்கள் செய்தது பிழைதான். ஆனா அம்மா போனாப் பிறகு வந்த ஆக்கள் எல்லாரும், ‘அழாதை, அவ நல்ல இடத்திலை இருக்கிறா’ எண்டுதான் சொல்லிச்சினம். இது மட்டுந்தான் எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை.”

நானும் அவ்வாறு கூறியவர்களுள் ஒருவன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக என்ன கூறுவதெனத் தெரியாமையால், தாயாரின் கடைசி நாட்களைப்பற்றிக் கேட்டேன். மருத்துவமனை விடுதியைப்பற்றியும், அவர் விரும்பிக் கேட்டுக் குடிக்கமுடியாமற்போன தேநீரைப்பற்றியும் அவன் நெடுநேரம் பேசினான். ஒரு மாதத்துக்குப்பின் அவன் அவ்வளவு பேசியது அன்றுதான்.

பின்னர் வழமைபோல இயர்போனை எடுத்தான். ஒன்றைத் தன் காதில் வைத்து மற்றையதை என்னிடம் நீட்டினான். நாற்பத்தாறு நிமிடங்களும் இருவரும் கேட்டோம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கடைசிப் பாடல் முடியுமுன்னரே அவன் உறங்கிவிட்டான்.